பாலத்துக்கு அங்கால

ஹெக்டர் கல்லடிப் பாலத்தைக் கடந்து நாலரை வருசமாகியிருந்தது. நாவற்குடாவில் இது எல்லோருக்கும் தெரிந்த விசயம். கல்முனை வீதியோரம் இருந்த தன் கராஜில் திருத்தி முடித்த வாகனத்தை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அவர் தெற்குப் பக்கமாகத்தான் திருப்புவார். காத்தான்குடி, ஆரையம்பதி, மனம் தெளிந்திருக்கிற நாளில் குருக்கள்மடம் வரைக்கும்கூடப் போவார். வடக்கே போகமாட்டார். வடக்கே பாலம். பாலத்துக்கு அங்கால மட்டக்களப்பு ரவுண். அரசாங்கக் கச்சேரி, ஆஸ்பத்திரி, சந்தை, அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில் எல்லாம் அங்கேதான். பல்வலி வந்தபோது காத்தான்குடியில் பிடுங்கிக்கொண்டார். கூடப்பிறந்த அக்கா ரவுணில் செத்தபோது மனைவி மார்கிறட் மட்டும் போய் அழுதுவிட்டு வந்தாள். அவர் ஒரு ஜீப்பின் அடியில் படுத்துக் கிடந்தார்.

இந்த மனிதர்தான் ஒரு காலத்தில் தரைவழியாக உலகத்தைச் சுற்றிவரத் திட்டம் போட்டவர்.

யுத்தம் முடிந்து இரண்டு மாதம். ஆடி மாதத்துக் கச்சான் காற்று வயல் வெளிகளின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வாவியைத் தாண்டி வந்து வீட்டுக் கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது. தொண்டை வரண்டு, கண் எரிந்து, ஒருவரோடொருவர் எரிந்து விழுகிற காலம். மார்கிறட் கிளினிக்கிலிருந்து மத்தியானம் வந்தாள். அவள் அரசாங்க மிட்வைப். நாவற்குடாவிலும் அடுத்த ஊர்களிலும் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்ததுகள். செப்பலி மீன் பொரியலும் முருங்கைக்காய்ப் பால்கறியும் வைத்துச் சோறு போட்டாள். தான் உட்காராமல் நின்றபடியே பிசைந்தாள். இரண்டு வருசத்துக்கு மேலாக அவளுக்கு உட்கார முடிவதில்லை.

"இஞ்சாருங்க, பாஸ்போட் போம் எடுத்துட்டு வந்திரிக்கன். ரெண்டு."

ஹெக்டர் மீன்முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "ஆருக்கு?"

"உங்களுக்கும் எனக்கும். வேற ஆரு இரிக்கா இந்த வீட்டில?"

"எங்க போறதுக்கு?"

"நீங்க போறன் போறன் எண்டு சொன்ன இடத்துக்குத்தான். இந்தியா, பாகிஸ்தான், ஈரான், துருக்கி. அங்கால என்ன வருமோ அது."

"விசர்க்கதை கதைக்காத, மார்கிறட்."

"ஓம், விசர்க்கதைதான். இருவத்தஞ்சு வருசம் இந்த வீட்டில நீங்க கதைச்ச விசர்க்கதை. நான்தான் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சவள்."

அவர் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டுக் கராஜுக்குப் போனார்.

அந்தக் கதை தொடங்கியது ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தேழில். அப்போது ஹெக்டருக்கு இருபத்தொரு வயது, ரவுணில் ஒரு கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்தார். கல்குடாக் கடற்கரைக்கு வந்த ஒரு ஜேர்மன்காரச் சோடியின் வான் கியர்பொக்ஸ் உடைந்து நின்றுவிட்டது. பதினொரு நாள் அங்கேயே தங்கி, கிடைத்த இரும்பைக் கடைந்து பல்லு வெட்டி, வானை ஓட வைத்துக் கொடுத்தார். அவர்கள் தங்கள் ஊரிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா என்று வந்து, இராமேஸ்வரத்தில் வானைக் கப்பலில் ஏற்றித் தலைமன்னாரில் இறக்கியவர்கள். "எல்லாம் ரோட்டாலயா?" என்று ஹெக்டர் கேட்டார். "கடைசி இருபது மைல்தான் கடல். மிச்சமெல்லாம் ரோட்டு," என்றான் அந்த வெள்ளைக்காரன். போகும்போது ஒரு வீதிப் படத்தைக் கொடுத்துவிட்டுப் போனான்.

மிச்சமெல்லாம் ரோட்டு என்ற சொல் ஹெக்டரின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கலியாணம் முடித்த மூன்றாம் நாளே மார்கிறட்டிடம் சொன்னார். பிறகு யுத்தம் வந்தது. தலைமன்னார்க் கப்பல் நின்றது. வாழைச்சேனைக்குப் போவதென்றாலே நாலு இடத்தில் இறங்கி நடக்க வேண்டும் என்றானது. வழிகள் அடைபட அடைபட ஹெக்டரின் பயணம் நீண்டுகொண்டே போனது. முதலில் ஜேர்மனி மட்டும் என்றிருந்தது, பிறகு ரஷ்யா, சீனா என்று சுற்றி வியட்நாம் வழியாகத் திரும்புவதாக ஆனது. "கறுவாக்கேணிக்குப் போகப் பாஸ் இல்ல, இவருக்குக் காபூல் கேக்குது," என்று மார்கிறட் அடுப்படியிலிருந்து சத்தம் வைப்பாள்.

மகள் சுஜீவா வளர்ந்ததும் அவருக்குத் துணை கிடைத்தது. அவள்தான் தூதரகங்களுக்குக் கடிதம் எழுதினாள். எந்த நாட்டில் எந்த மாதம் பனி கொட்டும், எங்கே டீசல் கிடைக்காது என்றெல்லாம் நூலகத்தில் இருந்து குறித்துக்கொண்டு வருவாள். சமாதானக் காலம் வந்தபோது, நொறுங்கிக் கிடந்த ஒரு டொல்பின் வானைத் தகப்பனும் மகளுமாகத் திருத்தி எடுத்தார்கள். உள்ளே கட்டில், தண்ணீர்த் தாங்கி, மண்ணெண்ணெய் அடுப்பு. கப்பல் திரும்ப ஓடப் போகிறது என்று பேப்பரில் வந்திருந்தது. இரண்டாயிரத்து ஐந்தில் கிளம்புவது என்று முடிவு.

இரண்டாயிரத்து நான்கு மார்கழி இருபத்தாறு, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. சுஜீவா பாலத்துக்கு இந்தப் பக்கம், கடலோரம் டச்பாரில் இருந்த சிநேகிதி வீட்டுக்குக் கேக் கொண்டுபோனாள். ஹெக்டர்தான் வானில் கொண்டுபோய் விட்டார். "எட்டரைக்கு வந்து ஏத்துறன், பூசைக்குப் போவம்," என்று சொல்லிவிட்டு, இடையில் இருந்த நேரத்துக்குப் பாலத்தால் ரவுணுக்குப் போனார். அங்கே ஒருவரிடம் வானின் கூரையில் பூட்டுகிற இரும்பு ராக் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். திரும்பி வந்து பாலத்தில் ஏறியபோது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. பாலத்தின் நடுவில் முன்னால் போன வாகனங்கள் நின்றன. ஆட்கள் எதிர்ப்பக்கமிருந்து ஓடி வந்தார்கள். அவர் இறங்கிக் கைபிடிக் கம்பியைப் பிடித்தபடி பார்த்தார். முகத்துவாரப் பக்கமிருந்து கறுப்பாய் ஒன்று வந்தது. டச்பாரின் தென்னைகள் ஒவ்வொன்றாகத் தலைசாய்ந்து காணாமல் போயின.

சுஜீவாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது.

ஹெக்டர் வானைக் கராஜின் பின்பக்கம் தள்ளிக்கொண்டுபோய், சில்லுகளைக் கழற்றிக் கல்லில் ஏற்றிவைத்தார். தொண்டு நிறுவனங்களின் வெள்ளை ஜீப்புகள் ஊரெல்லாம் ஓடின. அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. எந்த நாட்டு வண்டி என்றுகூடக் கேட்காமல் திருத்திக் கொடுத்தார். மார்கிறட் மூன்றாம் கிழமையே வேலைக்குப் போய்விட்டாள். கூடாரங்களில் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் நிறைந்து கிடந்தார்கள்.

அவர்கள் இருவரும் அந்த நாளைப் பற்றிப் பேசவேயில்லை. ஒருநாள்கூட.

இரண்டாயிரத்து ஏழு பங்குனியில் யுத்தம் படுவான்கரைக்கு வந்தது. வாவியின் மேற்குக்கரைச் சனங்கள் தோணியிலும் கால்நடையிலுமாக இந்தக் கரைக்கு ஓடிவந்தார்கள். குருக்கள்மடத்து முகாமில் ஒரு பகல், தலைக்குமேல் பீரங்கிச் செல் பறந்துகொண்டிருக்கும்போது, மார்கிறட் இராசாத்தி என்பவளுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தாள். வலி விட்டு விட்டு வந்தது. வலி விட்ட நேரமெல்லாம் இராசாத்தி கதைத்துக்கொண்டே இருந்தாள்.

"இது எனக்கு ஆறாவது இடம் அம்மா. தொண்ணூறில ஒருக்கா ஓடினம், காட்டுக்குள்ள இரிந்தம். மறுகா கிரானுக்குப் போனம். திரும்ப வந்து வேளாமை செஞ்சி, வெட்டுற நேரம் பாத்து ஓடினம். இப்ப ஆத்தால தோணியில வந்திரிக்கம். நீங்க எங்கெல்லாம் போயிரிக்கீங்க?"

"நானா? ஒரு இடமும் போனதில்ல புள்ள. நாவற்குடாவில இரிந்து இஞ்ச, இஞ்ச இரிந்து நாவற்குடாவுக்கு."

"எனக்கு ஒரு ஆசை இரிக்கு," என்றாள் இராசாத்தி. "ஆரும் துரத்தாம, நானா வெளிக்கிட்டு, ஒரு ஊருக்குப் போய்ச் சும்மா பாத்துட்டு வரணும். ஒருக்காப் போனாக் காணும்."

பெண் பிள்ளை பிறந்தது. மார்கிறட் அன்று சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உட்கார முடியாமல் போனது. சமைத்துக்கொண்டு நிற்பவள் கரண்டியோடு வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்ப்பாள். ஈரானில் என்ன சாப்பிடுவார்கள் என்று திடீரென்று கேட்பாள். ஹெக்டர் எழும்பிக் கராஜுக்குப் போய்விடுவார்.

அடுத்த வருசம் அவள் வாகனம் ஓட்டப் பழகத் தொடங்கினாள். நாற்பத்தெட்டு வயதில். புருசனிடம் கேட்டாள், அவர் முகத்தைத் திருப்பினார். காத்தான்குடியில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருந்த அப்துல் கபூரிடம் போனாள். அவர் ஹெக்டரின் முப்பது வருசக் கூட்டாளி. கபூர் தன்னுடைய பழைய வானில் சொல்லிக் கொடுக்க ஒத்துக்கொண்டார். ஊர் வாய்க்குப் பயந்து பின்சீற்றில் மனைவி உம்மு குல்தூமையும் ஏற்றிக்கொண்டார்.

"கிளச்ச மெல்ல உடுங்க தங்கச்சி. மெல்ல. கோழிக்குஞ்சு காலுக்குக் கீழ கிடக்கெண்டு நினைச்சி உடுங்க."

வான் குதித்து நின்றது.

"கோழிக்குஞ்சு மௌத்து," என்றாள் பின்னாலிருந்து உம்மு குல்தூம்.

"நீ சும்மா இரி. அவகளுக்குப் பயம் வந்திரும்."

"அவக்கா பயம்? என்ர மகள்ர புள்ள வயித்துக்குள்ள குறுக்கால நிண்ட நேரம் கை நடுங்காமத் திருப்பி எடுத்தவ. இந்தத் தகரத்துக்குப் பயப்புடுவாவா? புள்ள, நீங்க ஓட்டுங்க. இவரு எனக்குப் பழக்கித் தாறன் எண்டு முப்பது வருசம். இன்னும் ஒருநாளும் முன்சீற்றில ஏத்தல்ல."

"மச்சான் வருவானா தங்கச்சி?" என்று கபூர் ஒருநாள் மெதுவாகக் கேட்டார். "பாலத்தடிக்கே போகாத மனிசன். அவன ஏத்திட்டு உலகம் சுத்தவா போறீங்க?"

"வந்தா வரட்டும். வராட்டி நான் போறன், கபூர் நானா. இந்த வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் இப்படியே சுவரப் பாத்திட்டுக் கிடந்து சாக ஏலாது."

இப்போது பாஸ்போட் போம் மேசையில் கிடந்தது. காற்றில் பறக்காமல் மேலே உப்புப் போத்தல் வைத்திருந்தாள். நாலு நாள் அது அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் காலை அவள் கராஜுக்குப் போனாள். ஹெக்டர் ஒரு லொறியின் பிரேக்கைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"ஆவணி பத்தாந்திகதியிலிரிந்து எனக்கு லீவு. கொழும்புக்குப் போய்ப் பாஸ்போட்டுக்குக் குடுக்கப் போறன். நீர்கொழும்பில என்ர சித்தியிர மகள் வீட்டில நிப்பன். எனக்கு வான் வேணும். எழுப்பித் தாங்க."

"பஸ்ஸில போ."

"வானிலதான் போகணும். ஓடிப் பாக்காம எப்படித் தெரியும் என்னால ஏலுமா ஏலாதா எண்டு?"

"கப்பல் இல்ல மார்கிறட். வானை இந்தியாவுக்கு ஏத்துறதுக்கு வழியில்ல. அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். ஏத்த ஏலாட்டி இஞ்ச விட்டுட்டு, அங்கால பஸ்ஸில போவன், ரயில்ல போவன். உங்கள வரச் சொல்லல்ல. வானைத்தான் கேக்கன்."

அவர் லொறியின் அடியிலிருந்து எழும்பி வரவில்லை. ஆனால் அன்று பின்னேரம் வானின் முன்சீற்றைத் தூக்கி, அதற்குக் கீழே இருந்த இஞ்சினைப் பார்த்தார். பதினேழு நாள் வேலை செய்தார். டீசல் தாங்கியைக் கழற்றிக் கழுவினார், இத்துப்போன ரப்பர் குழாய்களை மாற்றினார், டயருக்குக் கபூரிடம் ஆள் அனுப்பினார். உள்ளே கட்டிலில் எலி கடித்திருந்த மெத்தையை எடுத்து எரித்தார். அந்த நாட்களில் அவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்குள் வருவதும் குறைந்தது. மார்கிறட் பிட்டையும் தயிரையும் கொண்டுபோய் வான் படியில் வைத்துவிட்டு வருவாள். பதினேழாம் நாள் இஞ்சின் இருமி, கறுப்புப் புகை கக்கி, பிடித்துக்கொண்டது. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

கிளம்புகிற காலை மார்கிறட் ஸ்டியரிங்கில் ஏறினாள். ஹெக்டர் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

"பாலத்தடி மட்டும் வாறன். இஞ்சின்ர சத்தத்தக் கேக்கணும். அதில இறங்கி நடந்து வந்திருவன்."

"சரி," என்றாள் அவள்.

மார்கிறட் இரண்டாம் கியரில் கொஞ்சம் உறுமவிட்டே ஓட்டினாள். அவர் காதைச் சாய்த்துக்கொண்டு, "மாத்து, இப்ப மாத்து," என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். கல்லடிப் பாலம் ஒரு வரிசை வாகனம் மட்டும் போகக்கூடிய பழைய இரும்புப் பாலம். ஒரு பக்கத்தை நிறுத்தித்தான் மறுபக்கத்தை விடுவார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது இந்தப் பக்கம் விட்டிருந்தது. சென்ரியில் நின்ற பொலிஸ்காரன் விசில் ஊதிக் கையை வீசினான்.

"நிப்பாட்டு, நான் இறங்கப் போறன்."

"எங்க நிப்பாட்டுற? பின்னால பஸ் நிக்குது."

விசில் மறுபடி ஊதியது. பஸ்காரன் ஹோனை அழுத்திப் பிடித்தான். அவள் நிறுத்தவில்லை. சில்லு இரும்பில் ஏறி, கடகடவென்று சத்தம் மாறியது. ஹெக்டர் இரண்டு கையாலும் சீற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

பாலத்தின் நடுவில் இஞ்சின் நின்றது.

அவள் சாவியைத் திருப்பினாள். கிறுகிறுவென்று சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினாள்.

"திருப்பாத," என்றார் ஹெக்டர், கண்ணைத் திறக்காமலே. "பற்றறி இறங்கிரும். டீசல் குழாயில காத்துப் பிடிச்சிட்டு. பம்ப் பண்ணி எடுக்கணும்."

"எப்படிப் பண்ணுற?"

"உனக்கு ஏலாது."

பின்னால் நாலைந்து ஹோன்கள் சேர்ந்து கத்தின. ஒரு ஆமிக்காரன் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தான். ஹெக்டர் கண்ணைத் திறந்தார். கதவைத் திறந்து, காலை மெதுவாகப் பாலத்தில் வைத்தார். தான் இருந்த சீற்றைக் கழற்றிப் பின்னால் தள்ளினார். குனிந்து ஸ்பானரால் நட்டைத் தளர்த்திவிட்டு, பம்பைக் கையால் அமுக்கத் தொடங்கினார். நிமிர்ந்தால் மார்கிறட்டின் முகமும், அவளுக்குப் பின்னால் கண்ணாடிக்கு வெளியே வாவியும், அதற்கும் அப்பால் டச்பார்க் கரையும் தெரிந்தன. நிமிராமல் அமுக்கினார். டீசல் வெள்ளைச் சேட்டில் தெறித்தது.

மார்கிறட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அண்டைக்கு அவள் போன் எடுத்தவள்."

பம்ப் நின்றது.

"எப்ப?"

"எட்டே முக்காலுக்கு. சிநேகிதி வீட்டிலிரிந்து. அப்பா இன்னும் வரல்லம்மா, நான் வீட்ட நடந்து வாறன் எண்டவள். நான்தான், அங்கயே நில்லு புள்ள, அப்பா இப்ப வந்திருவாரு எண்டு சொன்னன். நான் சொல்லித்தான் நிண்டவள்."

ஹோன் சத்தத்தில் அவளுடைய கடைசிச் சொல் பாதிதான் கேட்டது. ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது.

"நான் எட்டரைக்கு வாறனெண்டு சொன்னன்," என்றார் அவர். "அந்த ராக்கப் பாத்துக்கொண்டு நிண்டுட்டன். அளந்து அளந்து பாத்தன். அவள் பாத்துட்டு நிப்பாள் எண்டு தெரியும். தெரிஞ்சும் நிண்டன்."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ராக் வச்சிரிந்த மனிசன் செத்த வீட்டில வந்து சொல்லி அழுதவரு. அண்டைக்கே தெரியும்."

"மறுகா ஏன் என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்ல?"

"கேட்டா நான் என்ர கதையையும் சொல்ல வேண்டி வந்திரும்."

ஆமிக்காரன் வந்து தகரத்தில் கையால் தட்டினான். "மொகத? கெடுனாத?" என்று சிங்களத்தில் கேட்டான், என்ன, பழுதாகிவிட்டதா என்று. ஹெக்டர் அவனைத் திரும்பிப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார், ஒரு நிமிசம். அவருடைய முகத்தில் என்னத்தைக் கண்டானோ, அவன் திரும்பிப் பின்னால் நின்ற பஸ்காரனைப் பார்த்து ஹோனை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான்.

ஹெக்டர் நிமிர்ந்தார். மார்கிறட்டின் தோளுக்கு மேலாக அந்தக் கரையைப் பார்த்தார். புதிதாக நட்ட தென்னம்பிள்ளைகள் கச்சானில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. ஒருவன் ஆழமில்லாத இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தான்.

"அந்த ரோட்டால நடந்து வந்த ஒருத்தரும் மிஞ்சல்ல, மார்கிறட்," என்றார். "நடந்து வந்திருந்தாலும் அவள்..."

அது உண்மையா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அவர் குனிந்து பம்பை அமுக்கினார். குமிழி குமிழியாய் வந்து, பிறகு குமிழி இல்லாமல் டீசல் வழிந்தது. நட்டை இறுக்கினார்.

"இப்ப திருப்பு. அக்ஸிலேற்றர மிதிக்காத. மெல்ல."

இஞ்சின் பிடித்தது. பாலம் முழுக்கப் புகை. அவர் சீற்றைத் தூக்கிப் பூட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அங்கால கரையில் ஏறியதும் அவள் வேகத்தைக் குறைத்தாள். "ஆஸ்பத்திரிப் பக்கத்தால திருப்பி உங்கள வீட்ட விடவா? திரும்பவும் பாலத்தால வரணும்."

"வேணாம். இஞ்சினுக்கு இப்ப ஓட்டம் வேணும். நிப்பாட்டினாத் திரும்பக் காத்துப் பிடிக்கும். ஓட்டு."

"எதுமட்டும்?"

"நீ ஓட்டு."

ஏறாவூர், செங்கலடி, கிரான் என்று ஊர்கள் பின்னால் போயின. அறுத்து முடிந்த வயல்களில் காற்று மண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தது. மாடுகள் ரோட்டைக் கடந்தன. அவள் முதல் தடவையாக நாலாம் கியரைப் பிடித்து விடாமல் ஓட்டினாள். வாழைச்சேனை தாண்டியது. அவள் வாழ்க்கையில் கண்ட ஊர்கள் அதோடு முடிந்தன. ஹெக்டர் அழுதுகொண்டு வந்தார். சத்தமில்லை, முகத்தைத் துடைக்கவுமில்லை. இடையிடையே, "லொறிக்கு இடம் விடு," "இடப்பக்கம் பள்ளம்," என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மன்னம்பிட்டியில் சென்ரி. எல்லாவற்றையும் இறக்கி, பையைக் கொட்டி, அடையாள அட்டையை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்ட சிப்பாய்க்கு ஹெக்டர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "கொழும்புக்கு. மறுகா இன்னும் தூரம்," என்றார். அவன் விளங்காமல் தலையை ஆட்டிவிட்டு அட்டையைக் கொடுத்தான்.

மகாவலிப் பாலத்தைக் கடந்ததும் ஹெக்டர், "ஓரமா எடு," என்றார். ஆவணி மாதம், ஆறு மணலுக்குள் ஒடுங்கி ஓடியது. கீழே சில பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கிச் சரிவில் மெல்ல மெல்லக் கால் வைத்துப் போனார். தண்ணீர் ஓரத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். மார்கிறட் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி ஓடவா என்று கதவுக் கைப்பிடியில் கையை வைத்தாள்.

அவர் குனிந்தார். இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் விட்டார். மணலை அள்ளித் தேய்த்துத் தேய்த்து, விரல் இடுக்கில் இருந்த டீசலைக் கழுவினார். அலசினார். மறுபடி மணலை அள்ளினார். பிறகு கையை உதறிக்கொண்டு நிமிர்ந்து, வானைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"இஞ்சின நிப்பாட்டிராத! நான் வாறன்!"